மடுவத்தில் எறியப்படும் முட்டைகள்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் மாடறுக்கும் மடுவங்களில் விடியலோடு வேலை முடிந்துவிடும். இறைச்சி, ஈரல், குடல், தோல், எலும்பு எல்லாவற்றுக்கும் ஆளிருக்கிறது. ஆனால் வயது போன பசு அறுபட்டால், அதன் கருப்பைக்கு இருபுறமும் உள்ள பெருநெல்லிக்காய் அளவான இரண்டு சூலகங்களை யாரும் கேட்பதில்லை. அவை கழிவோடு போய்விடும். உலகின் பல ஆய்வுகூடங்களோ அந்த இரண்டு உருண்டைகளுக்காகத்தான் காலையில் காத்திருக்கின்றன.

சூலகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் மேற்பரப்பில் நீர்க்கொப்புளங்கள் தெரியும். அவையே புடைப்புகள். 2 முதல் 8 மில்லிமீற்றர் வரையானவற்றில் ஊசியைக் குத்தி நீரை உறிஞ்சி, நுணுக்குக்காட்டியின் கீழ் தேட வேண்டும். ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்களவான முட்டை, தன்னைச் சுற்றிப் பல அடுக்குக் கலங்களைப் போர்த்திக்கொண்டு கிடக்கும்.

அந்தப் பசு தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே இந்த முட்டை ஒடுக்கற்பிரிவைத் தொடங்கி, நடுவழியில் நின்றுவிட்டது. ஆண்டுக்கணக்கான உறக்கம் அது. மாட்டின் உடலுக்குள் அதை எழுப்பும் ஏற்பாடு அழகானது. புடைப்பின் வெளிச்சுவர்க் கலங்கள் கொலஸ்ட்ரோலிலிருந்து ஆண் ஓமோனைச் செய்கின்றன. உட்சுவர்க் கலங்கள் அதை வாங்கி ஈஸ்ட்ரடையோலாக மாற்றுகின்றன. இது இரத்தத்தில் ஏறும்போதுதான் பசு வேட்கைக்கு வந்து கத்துகிறது, மற்ற மாடுகளின் மேல் தாவுகிறது. அதே ஏற்றம் மூளைக்கும் எட்ட, கபச்சுரப்பி லூட்டினாக்கும் ஓமோனை ஒரே அலையாக விடுகிறது. அதன்பின் புடைப்பில் ஈஸ்ட்ரடையோல் இறங்கி, புரொஜெஸ்தரோன் ஏறுகிறது. முட்டை விழித்து முதிர்ந்து, ஏறக்குறைய ஒரு நாளுக்குப் பிறகு வெளியேறுகிறது. ஈஸ்ட்ரடையோல், புரொஜெஸ்தரோன் இரண்டும் ஸ்டீரொயிட் குடும்பத்தைச் சேர்ந்தவை.

தவளையில் கதை நேரடியானது. புரொஜெஸ்தரோன் பட்டால் போதும், முட்டை விழித்துவிடும். பாலூட்டிகளில் அப்படியில்லை. பின்கஸ், என்ஸ்மன் என்ற இருவர் 1935இல் முயலின் முட்டையைப் புடைப்பிலிருந்து வெளியே எடுத்துவைத்துப் பார்த்தார்கள். எந்த ஓமோனும் கொடுக்காமலே அது எழுந்துவிட்டது! புடைப்பே முட்டையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. பசுவின் முட்டையும் அவ்வாறே.

அப்படியானால் ஆய்வுகூடத்தில் முட்டையை முதிரவைக்கும் கிண்ணத்தில் ஸ்டீரொயிட் எதற்கு? வழக்கமான செய்முறையில் வளர்ப்பு ஊடகத்தோடு சீரம், கபச்சுரப்பி ஓமோன்கள், மில்லிலீற்றருக்கு ஒரு மைக்ரோகிராம் ஈஸ்ட்ரடையோல் ஆகியவற்றைச் சேர்த்து, 38.5 பாகை செல்சியஸ் சூட்டில், 5 சதவீதக் காபனீரொட்சைட்டில், 22 முதல் 24 மணித்தியாலம் வைப்பார்கள். ஈஸ்ட்ரடையோல் பலகாலம் கேள்வியில்லாமல் சேர்க்கப்பட்டுவந்தது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீரமும் கபச்சுரப்பி ஓமோன்களும் இல்லாமல் அதை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, முதிர்ந்த முட்டைகள் குறைந்தன. நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் கதிர் கோணலானது. உடலில் முட்டை முதிரும் மணித்தியாலங்களில் ஈஸ்ட்ரடையோல் இறங்கிவிடுகிறதே. இறங்க வேண்டியதை நாம் ஏற்றிவைத்திருந்தோம் என்றே எனக்குப் படுகிறது.

புரொஜெஸ்தரோனின் நிலை வேறு. அதை யாரும் ஊற்ற வேண்டியதில்லை, முட்டையைப் போர்த்தியிருக்கும் கலங்களே கிண்ணத்துக்குள் சுரக்கின்றன. அந்தச் சுரப்பை மருந்தால் தடுத்தால், பின்னர் கருக்கட்டி முளையமாக வளரும் முட்டைகள் குறைகின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊடகத் துளி உலராமலிருக்க அதன்மேல் எண்ணெய் ஊற்றுவது வழக்கம். ஸ்டீரொயிட்டுகள் எண்ணெயில் கரைபவை. கலங்கள் சுரந்ததை அந்த எண்ணெய் சத்தமில்லாமல் குடித்துவிடும். எந்த ஓமோனை எவ்வளவு சேர்த்தோம் என்று கணக்கு வைப்பவர்கள், எது மேலே போனது என்றும் பார்க்க வேண்டும்.

கிண்ணத்தில் நூறு முட்டை வைத்தால் 80, 90 முதிர்ந்துவிடும். அவற்றைக் கருக்கட்டவைத்தால், ஒரு வாரத்தில் நல்ல முளையமாவது 30, 40தான். வட்டையில் கதிரெல்லாம் பொன்னிறமாகி நின்றும், கையில் தேய்த்துப் பார்த்தால் பாதி பதராக இருக்கும் வேளாண்மையை நம் பக்கத்தில் எல்லாரும் கண்டிருப்போம். கரு முதிர்ந்தும் அதைச் சூழ்ந்த குழியவுரு முதிராத முட்டை அப்படிப்பட்டது. உட்பக்கம் பால் கட்டும் அந்த வேலையில்தான் ஸ்டீரொயிட்டுகளின் உண்மையான பங்கு இருக்கிறது.

இந்தியாவின் கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1990இல், ஆய்வுகூடக் கிண்ணத்தில் கருக்கட்டிய உலகின் முதல் எருமைக்கன்று பிறந்தது. ‘பிரதம்’ என்று பெயர் வைத்தார்கள். எருமைத் தயிர்ச் சட்டி இல்லாமல் விருந்து நிறையாத நம் கரையோரத்துக்கு அது தூரத்துச் செய்தியல்ல.

எனக்கு எருமையைவிடப் பட்டி மாட்டின் மேல்தான் கவலை. அறுவடை முடிந்த வட்டைகளில் மேய்ந்து, விதைப்புக் காலத்தில் காட்டோரம் துரத்தப்படும் அந்தச் சின்ன, திமில் வைத்த மாடு பால் குறைவாகத் தரும். ஆனால் நம் வெயிலையும் உண்ணியையும் காய்ந்த வைக்கோலையும் தாங்கும். பிற இன விந்து கலந்து கலந்து அதன் சுத்தமான வழி மெலிகிறது. மேய்ச்சல் தரையும் சுருங்குகிறது. அதன் முட்டை முளையமானால் உறைநிலையில் ஆண்டுக்கணக்காகக் காக்கலாம்.

அறுத்த சூலகத்தை இளஞ்சூடான உப்புநீரோடு சுடுநீர்ப் போத்தலில் இட்டு, சில மணித்தியாலங்களுக்குள் ஆய்வுகூடத்தில் சேர்த்துவிட வேண்டும். நாட்டின் கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில், மலைப்பாதைக்கு அப்பால். போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் கழிந்துவிடும். சூடாக்கிய மேசை, நுணுக்குக்காட்டி, வெப்பமும் வாயுவும் சீராக நிற்கும் ஒரு பெட்டி, இவை உள்ள சின்ன அறையொன்று இந்தக் கரையிலேயே இருந்தால், அறுத்த அன்று லுஹருக்கு முன்னரே முட்டைகள் கிண்ணத்தில் இருக்கும்.