தக்காளி பாட்டிலில் புளிப்பு குறைந்தால்

தென் இத்தாலியில் ஆகஸ்ட் வந்தால் பாட்டி முதல் பேரன் வரை முற்றத்தில் கூடிவிடுகிறார்கள். தக்காளியை வேகவைத்துப் பிழிந்து, தோலும் விதையும் நீக்கிய சாற்றைத் திருநீற்றுப் பச்சிலையோடு பாட்டில்களில் அடைத்து, பெரிய டிரம்மில் துணி சுற்றி அடுக்கிக் கொதிக்கவைக்கிறார்கள். இந்தப் ‘பஸ்ஸாத்தா’தான் ஆண்டு முழுக்கப் பாஸ்தாவுக்கு. ஆஸ்திரேலியாவில் குடியேறிய இத்தாலியர்கள் அங்கே கோடைக்காலமான ஜனவரி, பிப்ரவரியில் இதைச் செய்கிறார்கள். அருமையான வழக்கம், தொடர வேண்டிய வழக்கம். அதனால்தான் அதன் ஆபத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் போட்டுலிசம் என்ற உணவு நச்சு நோய் அதிகம் பதிவாகும் நாடுகளில் இத்தாலியும் ஒன்று. பெரும்பாலும் வீட்டில் பதப்படுத்திய உணவுதான் காரணம். இந்நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரிலும் சாவதில்லை. காற்றுப் புகாத பாட்டிலுக்குள் முளைத்து நஞ்சைச் சுரக்கும். தக்காளியில் அதைத் தடுப்பது புளிப்புதான். புளிப்பு குறையும்போது உயரும் பி.ஹெச். அளவு 4.6-க்கு மேல் போகாதவரை கிருமி வளராது. ஆனால் தக்காளி இந்த எல்லையை ஒட்டியே நிற்கும் பழம். அளவுக்கு மீறிக் கனிந்தாலோ, பூண்டு, வெங்காயம், கேரட் சேர்த்தாலோ எல்லை தாண்டிவிடலாம்.

காப்பு எளிது. ஒரு லிட்டர் பாட்டிலுக்கு இரண்டு மேசைக்கரண்டி, கடையில் விற்கும் எலுமிச்சைச் சாறு ஊற்றுங்கள். அதில் அமிலம் ஒரே அளவில் இருக்கும். பூண்டு, வெங்காயம் போன்றவற்றைப் பாட்டிலில் போடாமல், பிறகு சமைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். கொதித்த பாட்டில்களை டிரம்மிலேயே ஆறவிடுங்கள். சூட்டோடு எடுத்தால் கண்ணாடி வெடித்துக் குழந்தைகள் மேல் தெறிக்கலாம். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது பீறிட்டாலோ ருசி பார்க்காமல் அப்புறப்படுத்துங்கள். நஞ்சு நிறத்தையோ மணத்தையோ மாற்றாமலும் இருக்கலாம்.

சொந்த வீட்டு உபயோகத்துக்குச் செய்வதை ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுச் சுகாதார விதி (852/2004) கட்டுப்படுத்தாது. அதையே தொழிலாக விற்க முனைந்தால் பதிவு கட்டாயம்.

நஞ்சு கலந்த உணவைச் சாப்பிட்ட 12 முதல் 36 மணி நேரத்தில், சிலருக்குச் சில நாள் கழித்தும், பார்வை இரட்டையாகும்; இமை தொங்கும்; வாய் உலரும்; விழுங்கவும் பேசவும் சிரமமாகும். காய்ச்சல் பொதுவாக இருக்காது. அதனால் சோர்வு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள். மூச்சுத் தசைகளும் செயலிழக்கலாம். நச்சுமுறி மருந்து, ஏற்கெனவே ஏற்பட்ட முடக்கத்தை நீக்காது, மேலும் பரவாமல் தடுக்கும். எனவே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இத்தாலியில் பாவியா நகர நச்சு முறிவு மையம் மருத்துவர்களுக்கு ஆலோசனை தருகிறது. மிச்சமுள்ள பாட்டிலை மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதே நாளில் அடைத்த பாட்டில்களை வாங்கிப்போன உறவினர் எல்லோருக்கும் உடனே சொல்லுங்கள்.