செம்பரம்பாக்கத்தில் கொழுப்புப் படலம் பலிக்குமா?

கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியதுமே, வெயில் குடிக்கும் தண்ணீரை மிச்சப்படுத்த வழியில்லையா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் ஆவியானாலே 10 லட்சம் லிட்டர் போய்விடும். 2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும் இந்தக் கவலையில்தான். அவற்றைக் காற்று கரை ஒதுக்கிவிட்டது. அட்டைக்குப் பதிலாகக் கொழுப்பைப் பரப்பலாம் என்பது அதைவிடப் பழைய யோசனை.

இதற்குச் சமையல் எண்ணெய் உதவாது. வேண்டியது பாமாயில் போன்ற கொழுப்பிலிருந்து தயாரிக்கும் செட்டில் ஆல்கஹால். முகக் கிரீம் டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் இந்தப் பெயரைப் பார்க்கலாம். பார்வைக்கு மெழுகைச் சீவியதுபோல் வெள்ளையாக இருக்கும். இதன் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரைப் பற்றிக்கொள்ளும். மீதியெல்லாம் 16 கார்பன் அணுக்கள் கோத்த வால். அதற்குத் தண்ணீர் ஆகாது. அதனால் ஏரியில் விழுந்ததும் தலையை நீரில் வைத்து, வாலை வானத்துக்கு நீட்டி, ஒன்றையொன்று நெருக்கியபடி ஒரே அடுக்காக நிற்கும்.

காலையில் பூந்தமல்லியிலிருந்து கிளம்பும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் விறைப்பாக நின்றால் கண்டக்டர் நுழைய இடமிருக்காது. ஆவியாகத் துடிக்கும் நீர் மூலக்கூறுதான் அந்தக் கண்டக்டர். நல்லெண்ணெய் மூலக்கூறோ மூன்று மூட்டை முடிச்சோடு வளைந்து நிற்கும் பயணி. சுற்றிலும் சந்து விழும், கண்டக்டர் சுலபமாகப் புகுந்துவிடுவார். செட்டில் ஆல்கஹாலின் வால் நேரானது, சந்து விடாது. யாராவது இறங்கினால் நிறுத்தத்தில் காத்திருப்பவர் ஏறிக்கொள்வார். நீரில் மிதக்கும் சீவல்தான் அந்த நிறுத்தம், கிழிந்த இடத்துக்கு அதிலிருந்து புது மூலக்கூறுகள் பரவும். காற்று பலமாக வீசுவது டிரைவர் பிரேக் போடுவதுபோல: கூட்டம் மொத்தமும் ஒரு பக்கம் சாய, மறுபக்கம் காலியாகிவிடும்.

ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு சதுர கிலோமீட்டரை மூட சுமார் 2 கிலோ போதும். படலம் பரவும் வேகத்தை வீட்டிலேயே பார்க்கலாம். தட்டில் தண்ணீர் ஊற்றி முகப்பவுடரை மெல்லத் தூவி, விளக்கெண்ணெயில் தொட்ட ஊசிமுனையை நடுவில் வையுங்கள். பவுடர் சட்டென்று ஓரத்துக்கு ஓடும். அதைத் தள்ளுவது கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம்.

வரலாறு சுருக்கமாக: குளத்தில் எண்ணெய் விட்டுப் பார்த்ததை பெஞ்சமின் பிராங்க்ளின் 1774இல் எழுதினார். வீட்டிலிருந்தபடியே இத்தகைய படலங்களை அளந்த ஜெர்மானியப் பெண் ஆக்னஸ் போக்கல்ஸின் ஆய்வு 1891இல் வெளியானது. மேற்பரப்பு வேதியியலுக்காக வேதியியலாளர் லாங்மியூர் 1932இல் நோபல் பரிசு பெற்றார்.

இனி விளம்பரங்கள் சொல்லாத விஷயத்துக்கு வருவோம். காற்றில்லாத ஆய்வகத் தட்டில் ஆவியாதல் பாதிக்கு மேல் குறையும். பெரிய ஏரியில் 10 முதல் 30 சதவீதம் தேறினாலே பெரிது. செம்பரம்பாக்கம் திறந்த வெளி. பிற்பகலில் கடற்காற்று வந்துவிடும். படலத்தைப் பாக்டீரியாக்கள் தின்னும், தூசி துளைக்கும். அதனால் 2 கிலோ என்பது காகிதக் கணக்கு. திரும்பத் திரும்பத் தூவியாக வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஆவியாகும் நீர் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. அதைத் தடுத்தால் ஏரியின் மேற்பரப்பு சூடேறும், சூடேறிய நீர் ஆவியாக இன்னும் முண்டும்.

காற்றுக்கு மறைவான சிறு குளத்தில், வறட்சியின் கடைசி வாரங்களில் இது கைகொடுக்கும். முழுக் கொள்ளளவில் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி நீரும் கொண்ட செம்பரம்பாக்கத்துக்கு இதை முதல் வழியாகச் சொல்ல முடியாது. ஆவியாதலுக்குப் பரப்புதான் கணக்கு. தூர்வாரி அதே நீரை ஆழத்தில் தேக்கினால் வெயில் படும் பரப்பு குறையும். அந்த மிச்சத்தைக் காற்று கலைக்காது, நாள்தோறும் எதையும் தூவவும் வேண்டாம். 2019 கோடையில் வறண்டு கிடந்த ஏரி இது. பணம் முதலில் போக வேண்டியது தூர்வாரலுக்கு.