எத்தனை துடித்தால் சரி?



மலருக்கு ஏதாவது எழுது என்றதும் எல்லாரும் "கவிதை குடு" என்றார்கள். கவிதை எனக்கு வராது. எலக்ட்ரிகல் படிக்கிறவளுக்குத் தெரிந்தது மோட்டாரும் பம்பும்தான். அதனால் நம் எல்லாருடைய நெஞ்சுக்குள்ளும் இருபத்து நாலு மணி நேரமும் கரண்ட் கட் இல்லாமல் ஓடுகிற பம்ப் செட்டைப் பற்றி எழுதுகிறேன். குறிப்பாகப் பெண்களின் பம்ப் செட்டைப் பற்றி. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

மெஷின்ஸ் லேபில் லோட் டெஸ்ட் செய்கிறோம் அல்லவா? நேம் பிளேட்டைப் பார்த்துக்கொண்டு, பெல்ட்டை இறுக்கி லோடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அம்மீட்டர் காட்டுவதைக் குறித்துக்கொள்கிறோம். உடற்பயிற்சியும் அந்த மாதிரிதான். லோடு ஏற ஏற நாடித்துடிப்பு ஏறும். ரொம்பக் குறைவாக ஏறினால் பயிற்சியால் பெரிய பலன் இல்லை. அளவுக்கு மீறி ஏறினால் சீக்கிரம் களைத்து, இரண்டே நாளில் விட்டுவிடுவோம். சிக்கல் என்னவென்றால், இதயத்துக்கு யாரும் நேம் பிளேட் ஒட்டி அனுப்புவதில்லை. அதிகபட்சமாக நிமிடத்துக்கு எத்தனை துடிக்கும் என்பதை நாமேதான் கணக்குப் போட வேண்டும்.

அதற்கு உலகம் முழுக்கப் புழங்கும் சூத்திரம், 220-லிருந்து வயதைக் கழிப்பது. ஜிம்மில் மாட்டியிருக்கும் சார்ட்டில் இதுதான் இருக்கும், ஸ்மார்ட் வாட்ச் பலவற்றிலும் இதுதான். ஆனால் இது வந்த கதையைப் படித்தால் நமக்கே சிரிப்பு வரும். 1971-இல் சாமுவேல் ஃபாக்ஸும் வில்லியம் ஹாஸ்கெல் முதலானவர்களும், ஏற்கெனவே வெளிவந்திருந்த சுமார் பத்து ஆய்வுகளின் புள்ளிகளை வரைபடத்தில் வைத்து, அவற்றின் நடுவே கண்ணளவில் ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடுதான் இந்த 220. நாம் கிராஃப் ஷீட்டில் அப்படிக் கோடு போட்டால் சார் ரெக்கார்டில் கையெழுத்துப் போடுவாரா?

அமெரிக்காவில் சிகாகோ நகரில் மார்த்தா குலாத்தி என்ற பெண் டாக்டரும் அவர் குழுவினரும், நெஞ்சு நோய் அறிகுறி இல்லாத 5,437 பெண்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டுக் கிடைத்த விவரங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கு அவர்கள் கண்ட சூத்திரம் வேறு: வயதை 0.88-ஆல் பெருக்கி, 206-லிருந்து கழிக்க வேண்டும். 41 வயதுப் பெண்ணுக்குப் பழைய கணக்கு 179 என்று சொல்லும். இந்தக் கணக்கு 170 என்று சொல்லும். ஒன்பது துடிப்பு என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் டிரெட்மில் சோதனை செய்யும்போது, அதிகபட்சத்தில் 85 சதவீதத்தைத் தொட வேண்டும் என்று இலக்கு வைப்பார்கள். முதல் கணக்கில் அது 152, இரண்டாவதில் 145. நல்ல உடம்போடு இருக்கும் பெண் 146-இல் நின்றுவிட்டால், ஒரு கணக்கில் பாஸ், இன்னொரு கணக்கில் ஃபெயில்!

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. அந்த ஆய்வில் 35 வயதுக்குக் குறைந்தவர் யாரும் இல்லை. நம் வயசுப் பெண்ணுக்கு அதை அப்படியே போட்டால் 190 வரும், பழைய கணக்கில் 202. 2001-இல் டனாகா குழுவினர் ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவாகச் சொன்ன சூத்திரத்தில் 195. எது சரி? எந்தச் சூத்திரமும் சராசரிதான். ஒரே வயதுள்ள இருவருக்குள்ளேயே பத்துப் பதினைந்து வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். பயிற்சிக்கு நடுவில் உள்ள 195-ஐ வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

அதில் 64-லிருந்து 76 சதவீதம் வரை மிதமான பயிற்சி. 18 வயதுக்கு ஏறக்குறைய 125 முதல் 148 வரை. அதற்கு மேல் போனால் கடுமையான பயிற்சி. வாரத்துக்கு மிதமான பயிற்சி 150 முதல் 300 நிமிடம், அல்லது கடுமையானது 75 முதல் 150 நிமிடம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேக நடை போட்டாலே கணக்கு நேராகிவிடும்.

நாடி பார்ப்பது சுலபம். கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில், ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் வைத்து லேசாக அழுத்துங்கள். கட்டை விரலால் பார்க்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு, எண்ணிக்கை குழம்பிவிடும். காலையில் எழுந்ததும் பாயில் படுத்தபடியே 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் ஓய்வுத் துடிப்பு. பயிற்சியை நிறுத்தியதும் 10 விநாடி எண்ணி ஆறால் பெருக்க வேண்டும். முழு நிமிடம் எண்ணிக்கொண்டிருந்தால் அதற்குள் துடிப்பு இறங்கிவிடும்.

ஒரு பையனோடு சமமாக நடந்தால் பெரும்பாலும் நமக்குத்தான் துடிப்பு அதிகம் இருக்கும். இது பலவீனம் இல்லை. பெண்ணின் இதயம் சற்றுச் சிறியது, ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளுகிற ரத்தமும் குறைவு. சின்ன பம்ப், அதே தண்ணீரை இறைக்க அதிக தடவை அடிக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். படித்ததை முதலில் யாரிடம் சோதிப்பது? அம்மாவிடம்தான். அம்மாவுக்கு வயது 41. "தினமும் குனிஞ்சு நிமிந்து நாத்து நடுறேன், எனக்கு எதுக்குடி தனியா எக்சர்சைஸ்?" என்று சிரித்தார். கையைப் பிடித்து எண்ணினேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 98. ஒரு குடம் தண்ணீரை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்ததும் 138. அம்மாவின் 170-இல் அது 81 சதவீதம். ஒரு குடம் தண்ணீர், கடுமையான பயிற்சிக் கணக்கில் வருகிறது! லோடு கம்மி, அம்மீட்டர் மட்டும் எகிறுகிறது என்றால் நாம் என்ன செய்வோம்? மெஷினை நிறுத்திவிட்டு எங்கே கோளாறு என்று பார்ப்போம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் சரக்கு குறைந்தால், இதயம் அதிக நடை அடித்து ஈடுகட்டப் பார்க்கும். அம்மா வருஷக் கணக்காக "வயசாகுது, அதான் மூச்சு வாங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள், டீயோடு சேர்த்துப் போடக் கூடாது என்று நர்ஸ் அக்கா கண்டிப்பாகச் சொன்னார். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியது, ஓய்வுத் துடிப்பு 82-க்கு இறங்கியது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நம் ஹாஸ்டலும் அந்த நூற்றுக்குள்தானே இருக்கிறது?

ஆகவே தோழிகளே, நடக்கத் தொடங்குமுன் ஒரு வாரம் ஓய்வுத் துடிப்பைக் குறித்து வையுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் இரண்டு மூன்று துடிப்பு கூடினால் பயப்பட வேண்டாம். எப்போதும் 100-ஐ ஒட்டியே இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிரஷருக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது, அவர்களுக்கும் கர்ப்பிணி அக்காமார்களுக்கும் இந்தச் சூத்திரங்கள் ஒத்துவராது. அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பேச்சை அளவாக வைத்துக்கொள்ளலாம்: பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அது மிதமான வேகம். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் எண்ணிக்கொண்டு நிற்காமல் உடனே உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

மாணவர் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். சாயங்காலம் மைதானம் முழுக்கக் கிரிக்கெட்தான். மாணவிகள் நடப்பது ஹாஸ்டல் வராந்தாவில், முப்பது அடி போய்த் திரும்ப வேண்டும். அதில் என் நாடி 104-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாலரையிலிருந்து ஐந்தரை வரை ஓடுபாதையை மட்டும் எங்களுக்கு விட்டுக் கொடுங்கள். பிட்ச் உங்களுக்கே இருக்கட்டும்.