வீட்டுக் கணினிக்குக் குறைந்த விலையில் செயலி தேர்ந்தெடுத்தல்

செயலி என்பது கணினிக்கு இடப்படும் கட்டளைகளைப் படித்து, கணக்கிட்டு, நிறைவேற்றும் மின்னணுச் சில்லு ஆகும். பேச்சு வழக்கில் இது பிராசசர் எனப்படுகிறது. கைப்பேசியில் நிறுவும் ஆப்களையும் இன்று செயலி என்று சொல்வதுண்டு. இக்கட்டுரை அவற்றைப் பற்றியதன்று. வீட்டுக் கணினிச் செயலிகளைப் பெரும்பாலும் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களே வழங்குகின்றன. குறைந்த விலையில் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது ஐ3, ஐ5, ஐ7 என்னும் பெயரை அன்று. அதை அடுத்து வரும் எண்ணை.

பின்புலம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊர்களில், பிள்ளைகள் கல்லூரியில் சேரும்போதோ கரும்புப் பணம் கைக்கு வந்த பிறகோதான் பல வீடுகளில் கணினி வாங்குகிறார்கள். ஒருமுறை வாங்கியது ஐந்தாறு ஆண்டுகளாவது உழைக்க வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளிலும் இணையத்திலும், அலுவலகங்கள் கழித்த கணினிகள் துடைத்துப் புதுப்பிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. ‘ஐ7 கணினி, மலிவு விலை’ என்ற விளம்பரம் பெரும்பாலும் இத்தகைய பழைய கணினிகளையே குறிக்கும்.

பெயரும் தலைமுறையும்

இன்டெல் ஐ7-2600 செயலி 2011இல் வெளிவந்தது. ஐ3-12100 செயலி 2022இல் வெளிவந்தது. இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட் உள்ளன. அடிப்படை வேகம் பழையதில் 3.4 கிகாஹெர்ட்சு, புதியதில் 3.3 கிகாஹெர்ட்சு. இந்த எண்களை மட்டும் பார்த்தால் ஐ7 மேல் என்றே தோன்றும். நடைமுறையில் ஐ3-12100 மிகவும் விரைவானது. நிர்ணயிக்கப்பட்ட மின்திறன் அளவும் பழையதற்கு 95 வாட், புதியதற்கு 60 வாட்.

காரணத்தைக் கரும்பு வெட்டுடன் ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். கோர் என்பது வெட்டும் ஆட்களின் எண்ணிக்கை. கிகாஹெர்ட்சு என்பது ஓர் ஆள் நிமிடத்துக்கு எத்தனை முறை கத்தியை வீசுகிறார் என்பது. ஒரு வீச்சில் எத்தனை கரும்பு விழுகிறது என்பதைத் தலைமுறை தீர்மானிக்கிறது. புதிய தலைமுறைச் செயலி ஒரே வீச்சில் அதிகம் வெட்டுகிறது.

தலைமுறையை அறியும் முறை:

- ஐ3, ஐ5, ஐ7 பெயர்களை அடுத்து நான்கு இலக்க எண் இருந்தால் முதல் இலக்கமே தலைமுறை. 2600 இரண்டாம் தலைமுறை. 8100 எட்டாம் தலைமுறை.
- ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கங்கள். 12100 பன்னிரண்டாம் தலைமுறை.
- மடிக்கணினியில் 1035, 1135 என 1இல் தொடங்கும் நான்கு இலக்க எண்கள் முறையே பத்தாம், பதினோராம் தலைமுறையைக் குறிக்கும்.
- ஏஎம்டியின் ரைசன் 3 7320யூ மடிக்கணினிச் செயலியில் முதல் இலக்கமான 7, 2023ஆம் ஆண்டு வரிசையைக் குறிக்கும். மூன்றாம் இலக்கமான 2, அதன் உள்ளமைப்பு ஜென் 2 என்பதைக் காட்டும். அவ்வமைப்பு 2019இலேயே வந்தது.

தலைமுறை பாதுகாப்பையும் பாதிக்கிறது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறை முதலான இன்டெல் கோர் செயலிகளையே ஏற்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எனவே பழைய ஐ7 கணினியில் வங்கிப் பணிகளைச் செய்வது நல்லதன்று. அதையே பயன்படுத்த வேண்டிய நிலையில் உபுண்டு, லினக்ஸ் மின்ட், சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களை நிறுவலாம்.

பயன்பாட்டுக்கேற்ற தெரிவு

பாடம் படித்தல், விண்ணப்பம் நிரப்புதல், தட்டச்சு, காணொலி பார்த்தல் ஆகியவற்றுக்கு இன்டெல் என்100 போதும். 4 கோர் கொண்ட இதன் மின்திறன் அளவு 6 வாட் மட்டுமே. இது பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு வருவதால் பின்னாளில் மாற்ற முடியாது.

பின்னாளில் மாற்ற விரும்புவோருக்கு ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் ஏற்றது. இப்போது 2 கோர் கொண்ட அத்லான் 3000ஜி வாங்கி, பிறகு அதே மதர்போர்டில் 6 கோர் கொண்ட ரைசன் 5 5600ஜி பொருத்தலாம். மதர்போர்டின் பயாஸ் அதை ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிரல் எழுதுதல், காணொலி தொகுத்தல் போன்ற பணிகளுக்கு ஐ3-12100 அல்லது 5600ஜி பொருந்தும். இன்டெல் எண்ணின் இறுதியில் ‘எஃப்’ இருந்தால் அச்செயலியில் வரைகலைப் பகுதி இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. எஃப் வகை சற்று மலிவு என்பதற்காக வாங்கி, பிறகு கார்டுக்குப் பெருந்தொகை செலவிட நேரலாம்.

செயலிக்கு மேல் மிச்சமாகும் தொகையை 8 ஜிபி ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் ஒதுக்குவதே சிறந்தது. விலையுயர்ந்த செயலியும் பழைய ஹார்டு டிஸ்க்குடன் சேர்ந்தால் தடுமாறும்.

மின்செலவு

மொத்தக் கணினியும் 60 வாட் எடுப்பதாகக் கொண்டால், நாள்தோறும் 5 மணி நேரப் பயன்பாட்டுக்கு இரண்டு மாதத்தில் 18 யூனிட் ஆகும். 15 வாட் எடுக்கும் சிறு கணினிக்கு நாலரை யூனிட் போதும். குறைந்த வாட் செயலி கோடையில் சூடும் குறைவாகவே தரும். மின்வெட்டின்போது யுபிஎஸ் கூடுதல் நேரம் தாங்கும்.

கடையில் சரிபார்த்தல்

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் செயலியின் முழுப்பெயரும் எண்ணும் கோர் எண்ணிக்கையும் தெரியும். பணம் கொடுக்கும் முன் இதைப் பார்த்து, அதே எண்ணை ரசீதில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். ‘ஐ5 கணினி’ என்று மட்டும் எழுதப்பட்ட ரசீது பின்னர் முறையிடுவதற்கு உதவாது. பெட்டியில் வரும் புதிய இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு. கழித்த கணினிகளுக்கு விற்பவர் தரும் காலமே உத்தரவாதம். அதையும் எழுத்தில் பெறுவது நல்லது.