ஒரே படம், இரண்டு நோய்



இந்தக் கட்டுரை நுரையீரலைப் பற்றியது. பாடப்புத்தகத்தில் இருப்பதையே எழுதியிருக்கிறாள் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். இது எங்க தாத்தாவோட எக்ஸ்ரே படத்தில் தொடங்கிய விஷயம்.

எங்க தாத்தா இருபத்திரண்டு வருஷம் கல்குவாரியில் வேலை பார்த்தவர். கம்ப்ரசர் மிஷினை வைத்துப் பாறையில் வெடிக்குழி போடுகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும், விபூதி அபிஷேகம் பண்ணின மாதிரி என்று பாட்டி சொல்லும். அப்புறம் இருமல் வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். எக்ஸ்ரே எடுத்தார்கள். மேலே இரண்டு பக்கமும் வெள்ளையாக நிழல் இருந்தது. டிபி என்று சொல்லி ஆறு மாசம் மாத்திரை கொடுத்தார்கள். தாத்தா ஒருநாள் கூட விடாமல் சாப்பிட்டார். இருமல் நிற்கவில்லை. சளியில் கிருமியும் ஒரு தடவைகூடத் தெரியவில்லை. தெருவில் சிலர் எங்க வீட்டுத் தண்ணியைக் குடிக்க யோசித்தார்கள். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

பிறகு வேறொரு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். அதுவரைக்கும் யாரும் கேட்காத கேள்வி. குவாரி என்றதும், "இது டிபி இல்ல, கல்லுத்தூசி. சிலிகோசிஸ்" என்றார்.

தூசிக்கும் டிபிக்கும் ஒரே மாதிரி நிழல் எப்படி வரும்? இதை எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவங்க சிரித்துக்கொண்டே, "இதே குழப்பத்துக்காக ஒருத்தர் ரெண்டு பள்ளத்தாக்கையே எடைபோட்டுப் பார்த்தார்" என்றார்கள். அவர் பெயர் ஆர்ச்சி காக்ரேன்.

முதலில் தூசி உள்ளே போய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் மிக மெல்லியது. ஆக்சிஜன் அந்தச் சுவரைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் பிடித்துவிடும். ஆபத்தானது கண்ணுக்கே தெரியாத தூசிதான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். ஐந்து மைக்ரானுக்கும் சின்னதான தூசி நேராக நுண்ணறை வரைக்கும் போய்விடும். நம்ம தலைமுடியின் தடிமன் இதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். அப்படியானால் அது எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்த தூசியை விழுங்க மேக்ரோபேஜ் என்ற காவல் செல்கள் ஓடி வரும். கிருமி என்றால் விழுங்கிச் செரித்துவிடும். கல்லைச் செரிக்க முடியுமா? அந்தச் செல்லே செத்துப்போகும். சாகும்போது "இங்கே புண்" என்று பக்கத்துச் செல்களுக்கு ரசாயனச் செய்தி அனுப்பும். உடனே வேறு செல்கள் வந்து கொலாஜன் என்ற நாரைப் பின்னும். முழங்காலில் விழுந்து அடிபட்டால் தழும்பு வருகிறதே, அதுபோலத்தான். ஆனால் செத்த செல்லிலிருந்து வெளியே வந்த தூசியை அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும், மறுபடி நார். தூசி போகவே போகாததால் தழும்பும் நிற்காது. பஞ்சு மாதிரி இருந்த நுரையீரல் காய்ந்த தேங்காய் நார் மாதிரி விறைத்துப்போகிறது. இதற்குத்தான் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். வேலையை விட்டபிறகும் இது வளரலாம் என்பதுதான் கொடுமை.

இனி காக்ரேன் கதைக்கு வருவோம். அவர் 1909இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் டாக்டர். 1941இல் கிரீட் தீவில் ஜெர்மானியர்களிடம் கைதியானார். கிரீஸில் சலோனிகா முகாமில் கைதிகளுக்குப் பசியும் கால்வீக்கமும். அவருக்கும் கால் வீங்கியது. இருபது பேரை இரண்டாகப் பிரித்து, பத்துப் பேருக்கு ஈஸ்ட், பத்துப் பேருக்கு வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தார். ஈஸ்ட் சாப்பிட்டவர்கள் சில நாளில் தேறினார்கள். அதைக் காட்டி முகாம் அதிகாரிகளிடம் கேட்டு, எல்லோருக்கும் ஈஸ்ட் வாங்கிக் கொடுத்தார். பின்னாளில் அவரே அதை மோசமான சோதனை என்று சொல்லிக்கொண்டார். ஆனால் ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடாமல் எதையும் நம்பக்கூடாது என்ற எண்ணம் அவரை விடவே இல்லை.

போர் முடிந்து 1948இல் அவர் வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் பக்கத்தில் இருந்த நிமோகோனியோசிஸ் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். நிமோகோனியோசிஸ் என்றால் தூசியால் வருகிற நுரையீரல் நோய். தெற்கு வேல்ஸ் முழுக்க நிலக்கரிச் சுரங்கம். சுரங்கத் தொழிலாளிகளின் எக்ஸ்ரேயில் முதலில் கடுகு தூவினது மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அந்தக் கட்டத்தில் பலருக்குத் தொந்தரவு அதிகம் இருக்காது. சிலருக்கு மட்டும் அந்தப் புள்ளிகள் ஒன்றுகூடி ஒரு சென்டிமீட்டருக்கும் பெரிய கட்டிகளாக ஆகிவிடும். மூச்சு முட்டுவதும், ஆள் விழுவதும் பெரும்பாலும் இந்தக் கட்டி வந்தவர்கள்தான். ஏன் சிலருக்கு மட்டும்?

அப்போது பலர் நம்பிய பதில்: தூசி படிந்த நுரையீரலில் டிபி கிருமியும் சேர்ந்தால்தான் கட்டி வரும். காரணம் இல்லாமல் அப்படிச் சொல்லவில்லை. கட்டி வந்து இறந்தவர்களை அறுத்துப் பார்த்தபோது சிலருடைய நுரையீரலில் டிபி கிருமி கிடைத்தது. காக்ரேனும் அதை நம்பினார். நம்பிக்கை சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

ரோண்டா ஃபாக் என்று ஒரு பள்ளத்தாக்கு. வேல்ஸ் மொழியில் ஃபாக் என்றால் சின்னது. பக்கத்திலேயே பெரிய ரோண்டாவும் உண்டு, நம்ம பக்கம் சின்னப்பட்டி, பெரியபட்டி இருப்பது மாதிரி. 1950இல் அங்கே இருந்த பெரியவர்கள் எல்லோரையும் எக்ஸ்ரே எடுக்கக் கிளம்பினார்கள். தொழிலாளிகள் மட்டுமல்ல, வீட்டுப் பெண்கள், கடைக்காரர்கள் எல்லாரும். பரவுகிற டிபி இருந்தவர்களைக் கண்டுபிடித்து வைத்தியத்துக்கு அனுப்பினார்கள். பக்கத்து அபர்டேர் பள்ளத்தாக்கை இப்படி எதுவும் செய்யாமல் ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்டார்கள். டிபிதான் காரணம் என்றால், டிபி குறைந்த ரோண்டாவில் புதிதாகக் கட்டி வருகிறவர்களும் குறைய வேண்டும் அல்லவா?

எல்லோரையும் எக்ஸ்ரேக்கு வரவைப்பது லேசா? எங்க ஊரில் கண் பரிசோதனை முகாமுக்கே பாதிப்பேர் வரமாட்டார்கள். காக்ரேன் தூசிநோயால் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளிகளையே உதவிக்கு வைத்துக்கொண்டார். அவர்கள் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார்கள். நம்ம ஆள் வந்து சொன்னால் கதவைச் சாத்த மனசு வராது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரே எக்ஸ்ரே படத்தை இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகப் படித்தார்கள். ஒரே டாக்டர்கூட இன்று ஒன்று, சில வாரம் கழித்து வேறொன்று சொன்னார். நம்ம கட்டுரைக்கு இரண்டு டீச்சர் இரண்டு மார்க் போடுகிற மாதிரிதான்! அதனால் ஒவ்வொரு படத்தையும் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் படிக்க வேண்டும் என்ற பழக்கம் இந்த ஆராய்ச்சிகளில் வந்தது. எங்க தாத்தா படத்தை ஒரே ஒருத்தர்தான் பார்த்தார் என்பது இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது.

வருஷங்கள் போயின. மறுபடி எக்ஸ்ரே எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். ரோண்டாவில் டிபியை விரட்டியதால் கட்டி குறைந்தது என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. இவ்வளவு உழைப்பும் அவர் நம்பியதைக் காட்டவில்லை! அவர் இடத்தில் நான் இருந்தால் அந்த நோட்டைப் பெட்டிக்கு அடியில் போட்டிருப்பேன். அவர் உள்ளதை உள்ளபடி எழுதினார்.

ஆனால் அதே படங்களில் வேறொன்று தெளிவாகத் தெரிந்தது. முதல் படத்தில் புள்ளிகள் குறைவாக இருந்தவர்களுக்குக் கட்டி வருவது அபூர்வம். புள்ளிகள் அடர்த்தியாக இருந்தவர்களுக்குத்தான் அதிகம். அதாவது எவ்வளவு தூசி உள்ளே போயிருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. அப்படியானால் தூசியைக் குறைப்பதுதான் வழி. தண்ணீர் பீய்ச்சித் துளை போடுவது, காற்றோட்டத்தைக் கூட்டுவது, அடிக்கடி எக்ஸ்ரே எடுத்துப் புள்ளி அடர்த்தியாவதற்குள் ஆளைத் தூசி குறைந்த இடத்துக்கு மாற்றுவது. 1953இலிருந்து பிரிட்டிஷ் நிலக்கரி வாரியம் பல சுரங்கங்களில் தூசியை அளந்து நடத்திய ஆராய்ச்சியும் இதையே உறுதி செய்தது.

டிபி முழுக்கக் குற்றவாளி இல்லை என்றும் ஆகிவிடாது. கல்லுத்தூசி படிந்த நுரையீரலில் டிபி சுலபமாக ஒட்டிக்கொள்ளும், இது நிரூபிக்கப்பட்டது. அதனால்தான் குவாரி ஆட்களுக்குச் சளிப் பரிசோதனையும் வேண்டும், "என்ன வேலை பாத்தீங்க" என்ற கேள்வியும் வேண்டும். வந்துவிட்ட தழும்பைக் கரைக்க இன்றுவரை மருந்து இல்லை. சில வகை நுரையீரல் தழும்புநோய்கள் வளரும் வேகத்தைக் குறைக்கத்தான் மாத்திரைகள் வந்திருக்கின்றன.

காக்ரேன் 1988இல் இறந்தார். வைத்திய முறைகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் உலக அமைப்பு ஒன்றை 1993இல் அவர் பெயரில் தொடங்கினார்கள்.

எங்க அப்பா இப்போது கிரஷரில் வேலை பார்க்கிறார். வாயில் துண்டு கட்டிக்கொண்டுதான் போகிறார். ஐந்து மைக்ரான் கணக்கை அவரிடம் சொன்னேன். துண்டின் இழைகளுக்கு நடுவில் அந்தத் தூசி தாராளமாகப் போய்விடும் என்றேன். அப்பா துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கல்லு விழுற இடத்துல தண்ணி பைப் ஒண்ணு இருக்கு, மோட்டார் ரிப்பேராகி ரெண்டு மாசமாச்சு" என்றார். தாத்தா திண்ணையிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "நாளைக்குப் போயி அத மொதல்ல சரிபண்ணச் சொல்லுடா, நாலு பேரா சேந்து கேளுங்க" என்றார்.

நாலு பேரல்ல, ஏழு பேர் போய்க் கேட்டார்களாம். மோட்டார் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள். இன்னும் திரும்பி வரவில்லை.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி