யூதாஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறான், தெரியுமா?

சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தைய இரவு, இயேசு தம் பன்னிரு சீடர்களோடு பந்தியில் அமர்ந்தார். அவரைக் காட்டிக்கொடுத்த துரோகி யூதாஸும் அந்தச் சீடர்களில் ஒருவன். அந்த இறுதி இராவுணவை மறுமலர்ச்சிக் கால இத்தாலியின் பெரும் ஓவியர்கள் பலரும் தீட்டியிருக்கிறார்கள். கதை ஒன்றுதான், பாணியோ ஆளுக்கு ஒன்று!

துரோகியின் தலைக்கு மேல் சீறும் பளிங்கு!
ஆண்டு 1447. ஃபுளோரன்ஸின் சாந்த் அப்போலோனியா கன்னியர் மடத்து உணவுக்கூடச் சுவரில் ஆந்த்ரேயா தெல் காஸ்தாஞ்ஞோ வரைந்தார். சீடர்கள் சிலைகளாக விறைத்திருக்கிறார்கள். எல்லோரும் மேசைக்கு அந்தப் பக்கம், யூதாஸ் மட்டும் இந்தப் பக்கம்! பின்சுவரில் வரிசையாகப் பளிங்குப் பலகைகள். இயேசுவும் யூதாஸும் இருக்கும் இடத்துக்கு மேலுள்ள பலகையில் மட்டும் நிறக்கோடுகள் மின்னலாய்ச் சீறுகின்றன!

பூனைக்கும் பந்தியில் இடம் உண்டு, தெரியுமா?
அதே ஊரில் சான் மார்க்கோ மடத்தில் கிர்லாண்டாயோ வரைந்த விருந்திலும் யூதாஸ் தனியாள்தான். மற்றவர்கள் தலையைச் சுற்றி ஒளிவட்டம்; அவனுக்கு இல்லை. துணைக்கு, அவனருகே தரையில் ஒரு பூனை!

ஓவியத்தில் ஆணித்துளை!
மிலானில் 1495 முதல் 1498 வரை லியொனார்டோ டா வின்சி தீட்டியதுதான் உலகமே அறிந்த இறுதி இராவுணவு. யூதாஸைத் தூக்கி மற்றவர்கள் வரிசையிலேயே உட்காரவைத்துவிட்டார்! எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னால் சாய்ந்து, முகத்தில் நிழல் விழ, கையில் பணப்பையை இறுக்கிப் பிடித்திருப்பவனைத் தேடுங்கள். ஒளிவட்டம் யாருக்கும் இல்லை. இயேசுவின் தலைக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சமே அந்த வேலையைச் செய்கிறது. அவர் நெற்றிப்பொட்டருகே இன்றும் ஒரு துளை இருக்கிறது. அங்கே ஆணி அடித்து, நூல் கட்டித்தான் காட்சிக்கு ஆழம் தரும் கோடுகளை ஓவியர் இழுத்தார்!

ஈரச் சாந்தில் வரையாமல் உலர்ந்த சுவரில் தீட்டியதால், அவர் வாழ்நாளிலேயே வண்ணம் உதிரத் தொடங்கியது. 1652இல் சுவரில் கதவு வைக்க இடித்தபோது இயேசுவின் பாதங்களே போயின! 1943இல் குண்டு விழுந்து ஓவியம் இருந்த கூடத்தின் பெரும்பகுதி இடிந்தபோதும், மணல்மூட்டைகள் அணைகொடுத்த அந்தச் சுவர் தப்பி நின்றது!

விசாரணைக்குப் போன விருந்து!
வெனிஸில் வெரோனேஸே தீட்டிய இறுதி இராவுணவில் கோமாளி, கிளி, நாய், ஜெர்மன் வீரர்கள் எல்லாரும் உண்டு. இவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று 1573இல் திருச்சபையின் சமய விசாரணை மன்றம் அவரைக் கூண்டில் ஏற்றியது. படத்தைத் திருத்த உத்தரவு. அவரோ தலைப்பை மாற்றினார்: 'லேவி வீட்டு விருந்து'!

மேசையே சாய்ந்துவிட்டது!
அதே வெனிஸில், 1592–94இல் தின்தொரெத்தோ மேசையை மூலைவாட்டில் திருப்பிவிட்டார். இயேசு தொலைவில் சிறியதாகத் தெரிகிறார். முன்னால் பணியாளர்கள் பரபரக்கிறார்கள். விளக்குப் புகையே வானதூதர்களாக உருவெடுக்கிறது!

இனி எந்த இறுதி இராவுணவுப் படத்தைப் பார்த்தாலும் மூன்றைக் கவனியுங்கள்: யூதாஸ் எங்கே, மேசை எப்படி, வெளிச்சம் எங்கிருந்து? ஓவியரின் பாணி உங்களுக்கே பிடிபட்டுவிடும்!