விமானி அறைக் கூட்டரசு அலுவலர் திட்டம்

விமானி அறைக் கூட்டரசு அலுவலர் திட்டம் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் தாமே முன்வரும் விமானிகளுக்குப் பயிற்சி அளித்து, பணியின்போது கைத்துப்பாக்கி வைத்திருக்க அனுமதிக்கும் அரசுத் திட்டம் ஆகும். கடத்தல்காரரிடமிருந்து விமானி அறையைக் காப்பது மட்டுமே இதன் நோக்கம். பயணிகள் பகுதியில் நிகழும் சண்டைகளில் தலையிட இவ்வலுவலருக்கு அதிகாரம் இல்லை.

வரலாறு

2001 செப்டம்பர் 11 அன்று 19 பேர் நான்கு விமானங்களைக் கடத்தினர். கத்தி போன்ற சிறு கருவிகளே அவர்களின் முதன்மை ஆயுதங்கள். கடத்தல்காரருக்கு இணங்கி, விமானத்தைத் தரையிறக்கி, பேச்சுவார்த்தைக்குக் காலம் தேடுவதே அதுவரை விமானிகளுக்குக் கற்பிக்கப்பட்டிருந்த முறை. விமானத்தையே ஆயுதமாக்க வந்தவர்களிடம் அம்முறை பயன்படவில்லை.

இதன்பின் விமானிகளின் சங்கங்கள் துப்பாக்கி கோரின. போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அன்றைய தலைவர் ஜான் மகாவ் 2002 மே மாதத்தில் இதனை மறுத்தார். விமானியின் கவனம் விமானத்தை ஓட்டுவதில் மட்டுமே இருக்க வேண்டும் என்பது மறுத்தோரின் வாதம். நாடாளுமன்றம் இதனை ஏற்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 25 அன்று கையொப்பமான உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக இத்திட்டம் உருவானது. முதல் அணியில் 44 விமானிகள் 2003 ஏப்ரலில் பயிற்சியை முடித்தனர்.

சரக்கு விமானிகள் முதலில் சேர்க்கப்படவில்லை. 2003 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டமே அவர்களுக்கு இடமளித்தது. ஆனால் சரக்கு விமானங்களுக்கு ஆபத்து இல்லாமல் இருந்ததில்லை. 1994 ஏப்ரல் 7 அன்று பெடெக்ஸ் 705 விமானத்தில் உடன் பயணித்த அந்நிறுவன ஊழியர் ஒருவர் சுத்தியலால் விமானிகளைத் தாக்கினார். உதவிக்குப் பயணிகள் எவரும் இல்லை. படுகாயமுற்ற நிலையிலும் விமானிகளே அவரை அடக்கி மெம்பிசில் தரையிறங்கினர்.

குண்டு விமானத்தைத் துளைத்தால்

சிறு துளை விழுந்தவுடன் ஆட்கள் வெளியே இழுக்கப்படுவதாகத் திரைப்படங்கள் காட்டுவது உண்மையன்று. உயரத்தில் பறக்கும் விமானத்தினுள் காற்று தொடர்ந்து செலுத்தப்பட்டு, மிகுதி ஒரு தடுக்கிதழ் வழியே வெளியேற்றப்படுகிறது. குண்டுத் துளை அவ்வழியை விட மிகச் சிறியது. தடுக்கிதழ் சற்று மூடிக்கொண்டு அழுத்தத்தைச் சரிசெய்துவிடும். கருவிகளிலோ மின்கம்பிகளிலோ மற்றொரு விமானியின் மீதோ குண்டு படுவதே மெய்யான ஆபத்து.

2008 நிகழ்வு

விமானி அறையை விட்டு வெளியேறும்போது துப்பாக்கியைப் பூட்டிவைக்க வேண்டும் என்பது விதி. இதற்காக வழங்கப்பட்ட உறையில், பூட்டின் வளைகம்பி துப்பாக்கி விசையை ஒட்டிய துளை வழியே செல்லும். துப்பாக்கி உறையினுள் முழுமையாக அமரவில்லையெனில், அக்கம்பியே விசையை அழுத்திவிடக்கூடும். 2008 மார்ச் 22 அன்று டென்வரிலிருந்து சார்லட் சென்ற யூஎஸ் ஏர்வேசு விமானம் தரையிறங்கவிருந்த வேளையில், விமானி தம் துப்பாக்கியை எடுத்துவைக்கும்போது அது வெடித்தது. குண்டு விமானத்தின் சுவரைத் துளைத்தது. எவருக்கும் காயமில்லை; விமானம் பாதுகாப்பாகத் தரையிறங்கியது. குண்டு நிரப்பிய துப்பாக்கியின் விசையருகே, நெருக்கடியான இருக்கையில் அமர்ந்து, மீண்டும் மீண்டும் பூட்டை நுழைக்கச் சொல்லும் வடிவமைப்பில் தவறு நேர்வது வியப்பன்று. பாதுகாப்பிற்காக வகுத்த விதியே இங்கு ஆபத்தாயிற்று.

கதவும் துப்பாக்கியும்

2003 ஏப்ரலுக்குள் அமெரிக்கப் பயணிகள் விமானங்களின் விமானி அறைகளுக்கு வலுவூட்டிய கதவுகள் பொருத்தப்பட்டன. எனவே துப்பாக்கி தேவையில்லை என எதிர்ப்போர் கூறுகின்றனர். உணவிற்கோ கழிவறைக்கோ கதவு திறக்கும் சில நொடிகளுக்காகவே துப்பாக்கி என்பது ஆதரிப்போரின் மறுமொழி. கதவிலும் குறை உண்டு. 2015 மார்ச் 24 அன்று செருமன்விங்சு 9525 விமானத்தின் துணைவிமானி, தலைமை விமானியை வெளியே விட்டுக் கதவைப் பூட்டி, விமானத்தை ஆல்ப்சு மலையில் மோதினார். 150 பேர் இறந்தனர். அவருக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை.

2012 இல் ஒபாமா அரசு இத்திட்டத்தின் நிதியை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்க முன்மொழிந்தது. எனினும் திட்டம் கைவிடப்படவில்லை.